மண்ணுக்குள் கேட்கும் ஒலி

வெளிக்காட்டு வேலை முடிந்து வீடு திரும்பிய பெண் காதைத் தடவிப் பார்க்கிறாள். ஒற்றைத் தோட்டைக் காணோம். வீட்டார் எல்லாரும் போய்க் குனிந்து தேடியும் கிடைப்பதில்லை. இத்தகைய நேரத்தில் உதவக்கூடியது உலோகங்காட்டும் கருவி. இன்று சில நூறு வெள்ளிக்கே கடைகளில் கிடைக்கிறது. ஆயினும், வாங்கியவுடன் அது நமக்குப் பயன்பட்டுவிடாது. அதைப் பழக வேண்டும். அந்தப் பழக்கத்தைப் பற்றியே இன்று பேசப்போகிறேன்.

கருவியின் கோல் நுனியில் தட்டுப் போன்ற ஒரு பாகம் உண்டு. அதனுள் செம்புக் கம்பிச் சுருள் இருக்கிறது. பேட்டரியின் உதவியால் அதில் திசை மாறி மாறி மின்சாரம் பாய்கிறது. அதனால் எழும் காந்த விசை மண்ணுக்குள் இறங்குகிறது. அங்கே உலோகம் இருந்தால், அதற்குள்ளும் சிறு மின்னோட்டம் சுழன்று, ஒரு காந்த விசையைத் திருப்பி அனுப்புகிறது. அதை உணர்ந்தவுடன் கருவி ஒலி எழுப்புகிறது. நன்றாகக் கவனியுங்கள்: “இங்கே உலோகம் இருக்கிறது” என்பதே அந்த ஒலியின் பொருள். அது தங்கமா, தகரமா என்று கருவி திட்டமாகச் சொல்லாது.

1881-ஆம் ஆண்டில் அமெரிக்க அதிபர் கார்ஃபீல்டு சுடப்பட்டார். உடம்பில் தங்கிய குண்டைத் தேட, டெலிபோனால் புகழ்பெற்ற அலெக்சாண்டர் கிரகாம் பெல் இத்தகைய கருவி ஒன்றைக் கொண்டுவந்தார். கருவியோ குழப்பமாக ஒலித்தது. மெத்தையில் இருந்த உலோகக் கம்பிகளும் அதற்கு ஒரு காரணம் என்பர். குண்டும் அகப்படவில்லை, அதிபரும் பிழைக்கவில்லை. ஆகவே, முதல் பாடம் இதுதான்: தேடப்போகுமுன் இடுப்புக் கத்தி, கைக்கடிகாரம், இரும்பு பதித்த காலணி ஆகியவற்றைக் கழற்றி வைத்துவிடுங்கள்.

இரண்டாவது பாடத்தை வீட்டு வாசலிலேயே கற்கலாம். ஐம்பது காசு நாணயம், ஆணி, பானத் தகரத்தின் வளையம், சிறு மோதிரம் ஆகிய நான்கையும் நாலு விரல் ஆழத்தில், இரண்டிரண்டு முழ இடைவெளியில் புதையுங்கள். தட்டைத் தரையோடு ஒட்டினாற்போல், ஒரே உயரத்தில், மெதுவாக வீசுங்கள். வீச்சின் முடிவில் கையைத் தூக்கிவிடாதீர்கள். ஒவ்வொன்றுக்கும் எழும் ஒலியை ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொள்ளுங்கள். ஒலி கேட்ட இடத்தில் முதலில் கிழக்கு மேற்காகவும், பிறகு தெற்கு வடக்காகவும் வீசுங்கள். இரண்டும் வெட்டிக்கொள்ளும் புள்ளியில்தான் பொருள் இருக்கும்.

மோதிரத்தின் ஒலியும் தகர வளையத்தின் ஒலியும் ஏறக்குறைய ஒன்றாக இருப்பதைக் கண்டு வியப்பீர்கள். குப்பையை ஒதுக்குவதாகக் கருவியில் ஒரு திருகு உண்டு. அதை அளவுக்கு மீறித் திருப்பினால், குப்பையோடு தோடும் ஒதுங்கிப்போகும். மேலும், நம் நாட்டுச் செம்மண்ணில் இரும்புச் சத்து மிகுதி. வெறும் மண்ணுக்கே கருவி முனகும். உலோகமில்லாத இடத்தில் தட்டை மேலும் கீழும் அசைத்து, முனகல் அடங்கும்வரை கருவியை மண்ணுக்கு ஏற்பச் சமன்செய்ய வேண்டும். அதன் கூர்மையைச் சற்றுக் குறைத்தாலும் நல்லதே.

இனி, மிக முக்கியமான செய்தி. 1941 டிசம்பரில் ஜப்பானியப் படை கோத்தா பாருவில் இறங்கியது முதல், நம் நாட்டில் போர் நடந்தது. பின்னர் 1948 முதல் 1960 வரை அவசர காலம். அக்காலத்துக் குண்டுகள் இன்றும் தோட்டங்களிலும் கட்டுமான இடங்களிலும் அகப்படுகின்றன. துருவேறிய குண்டு செத்த குண்டு அல்ல. ஆகவே, அகலமான, பலத்த ஒலி கேட்டால் மண்வெட்டியை ஓங்காதீர்கள். சிறு கரண்டியால் பக்கவாட்டில் மெல்ல விலக்குங்கள். உருளையாகவோ, வால் போன்ற தகடுகளோடோ ஏதேனும் தென்பட்டால் அப்படியே நிறுத்திவிடுங்கள். தொடவேண்டாம், நகர்த்தவேண்டாம். பிள்ளைகளை அப்புறப்படுத்தி, தூரத்தில் நின்று 999-க்குத் தெரிவியுங்கள். பிள்ளைகளைத் தனியே இக்கருவியோடு அனுப்பவும் வேண்டாம்.

சட்டத்தையும் மறக்கலாகாது. தோட்ட நிலத்தில் தேட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். உரியவர் தெரியாத பழம்பொருளோ புதையலோ கிடைத்தால், 2005-ஆம் ஆண்டு தேசிய மரபுடைமைச் சட்டத்தின்படி அதிகாரிகளுக்கு அறிவிக்க வேண்டும். கெடாவில், நம் முன்னோர் கடாரம் என்றழைத்த பகுதியில், சுங்கை பத்துவின் செம்பனைத் தோட்டத்துக்குள் பழங்கால இரும்பு உருக்காலைகள் வெளிப்பட்டன. 2009 முதல் ஆய்வாளர்கள் அங்கே அடுக்கடுக்காகத் தோண்டியதால்தான் அவற்றின் வரலாறு தெரியவந்தது. நாம் அவசரத்தில் பிடுங்கி எடுத்தால், பொருள் கைக்கு வரும். வரலாறு கைநழுவிப் போகும்.

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பது பழமொழி. ஆழம் தெரியாமல் மண்வெட்டியையும் விடாதிருப்போம். பொறுமையாகக் காது கொடுப்பவருக்குத் தொலைந்த தோடு ஒருநாள் கிடைக்கக்கூடும். கிடைக்காவிட்டாலும், கையும் காலும் பத்திரமாக வீடு திரும்புவதே பெரிய லாபம் அல்லவா?