உறங்கி எழுந்த மடிக்கணினியில் வைஃபை வராதபோது

மடிக்கணினியில் வைஃபையை நிறுத்தப் பெரும்பாலும் இரண்டு சுவிச்சுகள் உண்டு. ஒன்று கண்ணுக்குத் தெரிவது: பழைய கணினிகளில் முன்விளிம்பில் நகர்த்தும் சிறு சுவிச், பின்னர் வந்தவற்றில் விமானப் படம் போட்ட விசை. மற்றது மென்பொருளுக்குள் இருப்பது. இரண்டும் திறந்திருந்தால்தான் இணைப்பு வரும். அவற்றின் நிலையைப் பார்த்து விண்டோஸுக்கோ லினக்ஸுக்கோ சொல்வது டிரைவர் என்னும் சிறு மென்பொருளின் வேலை.

கரண்ட் நின்றதும் மடிக்கணினியை மூடிவைப்பது வன்னியில் பழகிப்போன செயல். 2022 மார்ச் இறுதியில் இலங்கையில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை நீண்டபோது, பற்றரியை மிச்சம்பிடிக்க அதுவே வழி. மூடியதும் கணினி உறக்கநிலைக்குப் போகிறது. பொதுவாக நினைவகத்துக்கு மட்டும் கொஞ்சம் மின்சாரம் ஓட, வைஃபை அட்டை உட்பட மற்றவை அடங்கிவிடுகின்றன. திறக்கும்போது டிரைவர் அட்டையை எழுப்பி, சுவிச்சின் நிலையைப் புதிதாகக் கேட்டறிய வேண்டும். பதில் பிந்தினாலோ பிழையாக வந்தாலோ, சுவிச் மூடியிருப்பதாக டிரைவர் எடுத்துக்கொள்ளலாம். பிறகு விசையை எத்தனை தரம் அழுத்தினாலும் பயனில்லை. பெரும்பாலும் அட்டை நன்றாகவே இருக்கும். கிளிநொச்சி அறிவியல் நகரிலோ வவுனியா பல்கலைக்கழகத்திலோ படிக்கும் பிள்ளை இதற்காகப் புது அட்டை வாங்குவதும், காசு கொடுத்து விண்டோஸை மறுபடி போடுவிப்பதும் வீண்செலவு.

முதல் வைத்தியம் 'ரீஸ்டார்ட்'. 'ஷட் டவுன்' அதற்கு ஈடாகாது. 2012இல் வந்த விண்டோஸ் 8 முதல், 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்ற வசதி டிரைவர்கள் இருந்த நிலையைச் சேமித்து வைத்து, அடுத்த முறை அப்படியே திரும்ப ஏற்றுகிறது. பிழையும் கூடவே வரும். 'ரீஸ்டார்ட்' கொடுத்தால்தான் டிரைவர் முதலிலிருந்து தொடங்கும். அதுவும் பலிக்காவிட்டால் கணினியை நிறுத்தி, சாஜரையும் கழற்றக்கூடிய பற்றரியையும் எடுத்துவிட்டு, பவர் பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடிக்கலாம்.

ஒவ்வொரு உறக்கத்துக்குப் பிறகும் கோளாறு திரும்பினால், 'டிவைஸ் மனேஜர்' சென்று வைஃபை அட்டையின் 'பவர் மனேஜ்மன்ட்' பகுதியில், மின்சேமிப்புக்காக அட்டையை அணைக்கும் அனுமதியை நீக்க வேண்டும். சில புதிய கணினிகளில் அந்தப் பகுதி இராது. அப்போது தயாரிப்பு நிறுவனத்தின் தளத்தில், கணினியின் சரியான மொடலுக்குரிய வைஃபை டிரைவரை எடுத்துப் போட வேண்டும். ஹெச்பி கணினிகளில் வயர்லெஸ் பொத்தானுக்கென்றே தனி டிரைவர் உண்டு. பலர் அதை விட்டுவிடுகிறார்கள். வைஃபை இல்லாமல் டிரைவரை எப்படிப் பதிவிறக்குவது? கைத்தொலைபேசியை யூஎஸ்பி வயரால் இணைத்து, அதில் 'யூஎஸ்பி டெதரிங்'கைத் திறந்தால் போதும்.

லினக்ஸில் நோயைக் கண்டறிவது இன்னும் எளிது. 'ஆர்எஃப்கில் லிஸ்ட்' என்ற கட்டளை இரு சுவிச்சுகளின் நிலையையும் தனித்தனியே காட்டும். மென்பொருள் சுவிச் மூடியிருப்பதைக் குறிக்கும் 'சொஃப்ட் பிளொக்' மட்டும் இருந்தால் 'ஆர்எஃப்கில் அன்பிளொக் வைஃபை' அதை நீக்கிவிடும். 'ஹார்ட் பிளொக்' கட்டளைக்குப் பணியாது. கையால் தொடும் சுவிச்சையோ அதன் டிரைவரையோ பார்க்க வேண்டும். லெனோவோ ஐடியாபேட், யோகா வரிசைகளில் வன்பொருள் சுவிச்சே இல்லாத சில மொடல்களில்கூட, சுவிச் மூடியிருப்பதாக லினக்ஸ் டிரைவர் அறிவித்ததுண்டு. லினக்ஸின் கருவான கேர்னலைப் புதுப்பிப்பது அதற்குத் தீர்வு. சுவிச் திறந்திருந்தும் எழுந்தபின் அட்டை முடங்கிக் கிடந்தால், வைஃபை டிரைவரை நினைவகத்திலிருந்து இறக்கி மறுபடி ஏற்றும் சிறு ஸ்கிரிப்டை 'சிஸ்டம்-ஸ்லீப்' கோப்புறையில் வைக்கலாம். ஒவ்வொரு உறக்கத்துக்குப் பின்னும் அது தானாகவே இயங்கும்.

கடைக்குக் கொண்டுபோகுமுன் ஒரு சோதனை பாக்கி இருக்கிறது. பென் ட்ரைவில் உள்ள உபுண்டு லினக்ஸால் கணினியைத் தொடங்கிப் பார்க்க வேண்டும். அங்கே வைஃபை வந்தால் அட்டை நலம். குறை பெரும்பாலும் விண்டோஸ் டிரைவரில். அங்கும் அட்டையே தென்படாவிட்டால் அது கழன்றிருக்கலாம், இல்லையேல் பழுதாகியிருக்கலாம். அட்டை தென்பட்டும் சுவிச் உடைந்து மூடியபடியே நின்றால், யூஎஸ்பி வைஃபை டொங்கிள் கைகொடுக்கும். கணினியின் சுவிச் கம்பி அதனோடு இணைந்திருப்பதில்லை.