புதிய மாணவரும் கணிப்பொறி நிலையமும்



பள்ளிப் படிப்பை முடித்துப் பல்கலைக்கழகத்தின் வாயிலில் முதன்முறையாகக் காலெடுத்து வைக்கும் இளைஞர்க்குக் கிடைப்பவை பல. விடுதியில் ஓர் அறை, வகுப்பில் ஓர் இருக்கை, நூலகத்திற்கு ஓர் அட்டை. இவை எங்கள் காலத்திலும் கிடைத்தவையே. இக்காலத்தில் இவற்றோடு சிறு தாள் ஒன்றும் தருகிறார்கள். அதில் ஒரு பயனர் பெயரும் ஒரு கடவுச்சொல்லும் அச்சிட்டிருக்கும். பலர் அத்தாளைச் சட்டைப் பையில் மடித்து வைத்து மறந்தே போகின்றனர். அந்தச் சிறு தாள் எதற்கு உரிமை தருகிறது, அதனால் என்ன பயன் பெறலாம் என்பதையே இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில், கணிப்பொறி நிலையம் என்பது எவ்வாறு தோன்றியது என்று பார்ப்போம். இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் மாரிஸ் வில்க்ஸ் என்னும் அறிஞரும் அவர்தம் குழுவினரும் அமைத்த எட்சாக் என்னும் கணிப்பொறி 1949ஆம் ஆண்டு மே மாதம் 6ஆம் நாள் தன் முதற் கணக்கைச் செய்தது. அப்பொறி ஆராய்ச்சியாளர் பலருக்கும் பொதுவாகப் பயன்பட்டது. ஒவ்வொருவரும் தம் கணக்கைத் துளையிட்ட காகித நாடாவில் பதிந்து கொண்டுவந்து கொடுத்துவிட்டுத் தம் முறைக்காகக் காத்திருப்பர். நம் மாநிலத்தில், சென்னை ஐ.ஐ.டி.யில் 1973ஆம் ஆண்டு ஐ.பி.எம். 370/155 என்னும் பெரும் பொறி நிறுவப்பெற்றது. அக்காலத்து மாணவர் துளையட்டைகளைக் கட்டாகக் கட்டிச் சாளரத்திலே கொடுத்துவிட்டு, பின்னர் வந்து விடையைப் பெற்றுச் செல்வர். ஓர் அட்டையில் ஒரு புள்ளி தவறினாலும் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அன்று ஒரு பெரிய மண்டபத்தை அடைத்து நின்ற ஆற்றலினும் மிகுதியான ஆற்றல் இன்று உங்கள் கையிலுள்ள அலைபேசியில் இருக்கிறது. ஆயினும் பல்கலைக்கழகத்துக் கணிப்பொறி நிலையம் மறைந்துவிடவில்லை. அதன் பணி மாறியிருக்கிறது. அன்று அது கணக்குப் போட்டுக் கொடுத்தது. இன்று அது வழி திறந்து விடுகிறது.

நம் தஞ்சை வட்டாரத்தார்க்கு இதனை விளக்குவது எளிது. மேட்டூரில் திறந்துவிடும் தண்ணீர் கல்லணைக்கு வருகிறது. அங்கே காவிரி என்றும், வெண்ணாறு என்றும், புது ஆறு என்றும் பிரிந்து, பின்னர் கிளையாறாகி, வாய்க்காலாகி, கடைமடை வரையில் செல்கிறது. ஆற்றிலே வெள்ளம் கரை புரண்டு ஓடினும், தன் வயலின் மடையைத் திறக்காதவனுக்கு நாற்று நட முடியாது. பல்கலைக்கழகத்தில் அறிவு வெள்ளம் ஓடுகிறது. நான் சொன்ன சிறு தாளே உங்கள் மடை. அதை எவ்வாறு திறப்பது, எவ்வாறு காப்பது, திறக்காவிட்டால் யாரிடம் சொல்வது ஆகிய மூன்றையும் அறிந்துகொண்டால் போதும்.

திறப்பது பற்றி முதலில் கூறுகிறேன். அந்தப் பெயரையும் கடவுச்சொல்லையும் கொண்டு நுழைந்தால் உங்களுக்கென ஒரு மின்னஞ்சல் முகவரி கிடைக்கும். தேர்வுக் கட்டணம், கல்வி உதவித்தொகை, விடுதி அறிவிப்பு யாவும் அதற்கே வரும். ஆகவே நாளுக்கு ஒருமுறையேனும் அதைப் பார்க்க வேண்டும். அடுத்து, வளாகத்தில் உள்ள கம்பியில்லா இணைப்பு. எடுரோம் என்னும் ஏற்பாட்டில் சேர்ந்த நிறுவனமாயின், அதே பெயரைக் கொண்டு நீங்கள் வேறொரு பல்கலைக்கழகத்திற்குச் சென்றாலும் அங்குள்ள இணைப்பைப் பெறலாம். ஐரோப்பாவில் தொடங்கிய இவ்வேற்பாட்டை நம் நாட்டில் எர்நெட் நிறுவனம் நடத்தி வருகிறது.

இவற்றினும் சிறந்தது நூலக வாயில். முன்னெல்லாம் தில்லியிலும் பம்பாயிலும் உள்ள பெரிய கழகங்களுக்கு மட்டுமே எட்டிய ஆராய்ச்சி இதழ்கள் சிற்றூர்க் கல்லூரிக்கு எட்டாத கனியாக இருந்தன. ‘ஒரே நாடு, ஒரே சந்தா’ என்னும் திட்டத்திற்கு நடுவண் அரசு 2024ஆம் ஆண்டு நவம்பரில் ஒப்புதல் அளித்தது. அது 2025ஆம் ஆண்டு தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்தது. முப்பது வெளியீட்டாளரின் ஏறத்தாழ 13,000 இதழ்களை நடுவண் அரசும் மாநில அரசுகளும் நடத்தும் உயர்கல்வி நிறுவனங்களின் மாணவர் படிக்க அது வழி செய்தது. திருவாரூரில் உள்ள மத்தியப் பல்கலைக்கழகத்து மாணவனும், தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்து மாணவியும், சென்னை ஐ.ஐ.டி. மாணவனும் ஒரே நூலகத்தில் அமர்ந்திருப்பது போன்றதன்றோ இது! இத்திட்டத்தை இன்ஃபிளிப்நெட் என்னும் மையம் ஒருங்கிணைக்கிறது. இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகளை யாவரும் படிக்குமாறு திரட்டி வைத்திருக்கும் சோத்கங்கா என்னும் களஞ்சியமும் அம்மையத்தின் பணியே. அதைப் படிக்கக் கடவுச்சொல்லும் வேண்டுவதில்லை.

தமிழில் எழுதும் மாணவர்க்கு இங்கே ஒரு சொல். தமிழை எந்த எழுத்துருவில் எழுதினால் என்ன என்று எண்ணிவிடாதீர்கள். பழைய எழுத்துருக்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு குறியீட்டு முறையைக் கொண்டிருந்தன. அவற்றில் எழுதிய கட்டுரையை வேறொரு கணிப்பொறியில் திறந்தால் பொருளற்ற குறிகளே தெரியும். தேடினாலும் ஒரு சொல் அகப்படாது. ஒருங்குறி என்னும் யூனிகோடில் எழுதினால் அது எங்கும் தமிழாகவே தோன்றும். தமிழக அரசும் 2010ஆம் ஆண்டில் அதனை ஏற்றுக்கொண்டது. 1999ஆம் ஆண்டு சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டி வகுக்கப்பெற்ற ‘தமிழ்99’ விசைப்பலகையில் உயிரெழுத்துகள் இடக்கையிலும் மெய்கள் பெரும்பாலும் வலக்கையிலும் அமைந்துள்ளன. ‘அம்மா’ என்று எழுத அ, ம, ம, ஆ என்னும் நான்கு தட்டுகளே போதும். புள்ளி தானே வந்து அமரும். உங்கள் கழகத்துக் கணிப்பொறியில் இவ்வசதி இல்லையெனின், அதை நிறுவித் தருமாறு கேட்பது உங்கள் உரிமை.

இரண்டாவது, காப்பது. கடவுச்சொல் என்பதைக் கணிப்பொறி உலகில் முதலில் புகுத்தியவர்கள் அமெரிக்காவில் மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார். 1961ஆம் ஆண்டளவில் ஒரே பொறியைப் பலர் ஒரே வேளையில் பயன்படுத்தும் முறையைக் கோர்பாட்டோ என்பவர் அமைத்தபோது, ஒவ்வொருவர் கோப்பையும் தனித்தனியே காக்க இது தேவையாயிற்று. வேடிக்கை என்னவென்றால், 1962ஆம் ஆண்டிலேயே அது களவும் போயிற்று. தமக்கு அளிக்கப்பட்ட நேரம் போதாமையால், ஆலன் ஷெர் என்னும் ஆராய்ச்சி மாணவர் கடவுச்சொற்கள் அடங்கிய கோப்பு முழுவதையும் அச்சிட்டு எடுத்துக்கொண்டார். பல ஆண்டுகள் கழிந்தபின் அவரே இதனை வெளியிட்டார். கதவு தோன்றிய மறு ஆண்டே திருட்டும் தோன்றியது என்பதை நினைவிற் கொள்ளுங்கள்.

ஆகவே, நண்பனாயினும் கடவுச்சொல்லைச் சொல்லாதீர்கள். அது நட்புக்குக் குறைவன்று. உங்கள் பெயரில் பிறர் செய்யும் பிழைக்கு நீங்களே விடை கூற நேரும். பிறந்த நாள், ஊர்ப் பெயர், அலைபேசி எண் ஆகியவற்றைக் கடவுச்சொல்லாக வைக்காதீர்கள். தொடர்பில்லாத நான்கைந்து சொற்களைக் கோத்தால் நீண்டதாகவும் இருக்கும், நினைவிலும் நிற்கும். ‘உதவித்தொகை வந்திருக்கிறது, கடவுச்சொல்லை அனுப்புக’ என்று மடல் வந்தால் அது தூண்டில் முள் என்று அறிக. எந்தக் கணிப்பொறி நிலையத்தாரும் உங்கள் கடவுச்சொல்லைக் கேட்க மாட்டார்கள். ஏமாந்து பணம் பறிபோயிற்றெனின், அஞ்சி மறைக்காமல் உடனே 1930 என்னும் எண்ணுக்குத் தெரிவிக்க வேண்டும். காலம் தாழ்த்தத் தாழ்த்தப் பணம் மீள்வது அரிதாகும்.

எழுதியதைப் பாதுகாப்பதும் இதில் அடங்கும். தஞ்சைச் சரசுவதி மகாலில் இன்று நாம் காணும் ஓலைச்சுவடிகள் எவ்வாறு நிலைத்தன? ஓலை செல்லரிக்கும் என்பதை உணர்ந்த நம் முன்னோர், பழையது சிதையுமுன் புதியதிற் படி எடுத்துப் படி எடுத்து வைத்தனர். படி எடுக்கப்படாத நூல்கள் எத்தனையோ மறைந்தொழிந்தன. கணிப்பொறியின் நினைவகமும் ஒருவகை ஓலையே. அதுவும் ஒரு நாள் கெடும். உங்கள் ஆய்வேட்டைப் பொறியில் ஒன்று, தனி வட்டில் ஒன்று, பல்கலைக்கழகம் தரும் சேமிப்பிடத்தில் ஒன்று என மூன்று படிகளாக வைத்துக்கொள்க.

மூன்றாவது, திறக்காதபோது யாரிடம் சொல்வது என்பது. இதுவே மூன்றினும் முதன்மையானது என்பேன். என்னிடம் பயின்ற மாணவன் ஒருவன். கடைமடைப் பகுதிச் சிற்றூரில் குத்தகை நிலம் பயிரிடும் குடும்பத்தான். அக்குடும்பத்தில் கல்லூரிக்குச் சென்ற முதல்வன் அவனே. சேர்ந்த இடத்தில் அவனுடைய தந்தை பெயரின் முதலெழுத்தை மாற்றிப் பதிந்துவிட்டார்கள். அதனால் அவனுக்குரிய கணக்கு திறக்கவில்லை. ஒருமுறை கேட்கச் சென்றான். ‘இதுகூடத் தெரியாதா?’ என்றார் அங்கிருந்தவர். அவ்வளவுதான். ஆறு வாரம் அவன் மறுபடியும் அப்பக்கம் போகவில்லை. உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் நாள் நெருங்கிற்று. ஊருக்குத் திரும்பிச் சம்பா நடவுக்குத் துணை நிற்கலாம் என்று பெட்டியையும் கட்டிவிட்டான். உடன் பயின்ற மாணவி ஒருத்தி செய்தியறிந்து, அவனை மீண்டும் அழைத்துச் சென்றாள். வேறொரு பணியாளர் இருந்தார். பத்தே நிமிடத்தில் எழுத்துத் திருத்தப்பட்டது. விண்ணப்பமும் சென்றது. அவன் இன்று ஓர் உயர்நிலைப் பள்ளியில் கணித ஆசிரியன்.

நண்பர்களே, இதில் குறை அம்மாணவனிடம் இல்லை. வீட்டில் கணிப்பொறியோடு வளர்ந்தவன் அதை அறிந்திருப்பதும், வயலோடு வளர்ந்தவன் நாற்றின் பருவத்தை அறிந்திருப்பதும் ஒன்றே. இரண்டும் பழக்கத்தால் வருபவை. அறிவின் ஏற்றத்தாழ்வைக் காட்டுபவை அல்ல. தெரியாததைக் கேட்பதற்காகவே உதவி மையம் இருக்கிறது. அங்கே அமர்ந்திருப்பவரின் ஊதியமே அவ்வாறு கேட்பவருக்காகத்தான் தரப்படுகிறது.

கேட்பதற்கும் ஒரு முறை உண்டு. ‘வேலை செய்யவில்லை’ என்று மட்டும் சொன்னால், ‘உடம்பு சரியில்லை’ என்று மட்டும் மருத்துவரிடம் சொல்வது போலாகும். என்ன செய்ய முயன்றீர்கள், என்ன நிகழ்ந்தது, திரையில் என்ன எழுத்துத் தோன்றியது, எப்போது தோன்றியது ஆகிய நான்கையும் எழுதிக்கொண்டு செல்லுங்கள். முறையீட்டுக்கு எண் தந்தால் குறித்துக்கொள்ளுங்கள். முதல் நாள் முடியாவிட்டால் அவ்வெண்ணைச் சொல்லி மறுநாளும் கேளுங்கள். சொந்தமாகக் கணிப்பொறி இல்லாதவர்கள், பொதுக் கணிப்பொறிக் கூடம் எந்நேரம் வரை திறந்திருக்கும் என்பதை முதல் வாரத்திலேயே தெரிந்துகொள்ளுங்கள். அலைபேசியிலேயே ஆய்வேட்டை எழுதி முடிக்க முயன்று கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஏற்கெனவே இவற்றை அறிந்த மாணவர்க்கும் ஒரு கடமை உண்டு. முறைநீர் பாய்ச்சும் ஊரில் தலைமடைக்காரன் தன் வயல் நிறைந்ததும் மடையை அடைத்துக் கீழுள்ளவனுக்குத் தண்ணீரை விடுகிறான். அவ்வாறு விடாத ஊரில் கடைமடை காய்கிறது. கல்விக்கும் இது பொருந்தும். ஆனால் தண்ணீரைப் பங்கிட்டால் குறையும்; அறிவைப் பங்கிட்டால் குறைவதில்லை. உங்கள் வகுப்பில், சிறு தாளைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு வாய் திறவாமல் அமர்ந்திருக்கும் தோழன் ஒருவன் நிச்சயம் இருப்பான். அவனை அழைத்துக்கொண்டு ஒருமுறை உதவி மையம் வரை சென்று வாருங்கள். ஒரு குடும்பத்தின் முதல் பட்டம் அந்தச் சில நிமிடங்களைப் பொறுத்ததாகவும் இருக்கலாம்.