நோன்பிருந்த பெண்களின் வரலாற்றாசிரியர்



ஹாலந்தில் ஸ்கீடாம் என்றொரு ஊர். 1421இல் அந்த ஊர் அதிகாரிகள் ஒரு சான்றுப் பத்திரம் எழுதினார்கள். லிட்வினா என்ற பெண் உணவே உட்கொள்வதில்லை என்பதற்கான சான்று அது. பதின்வயதில் உறைபனியில் சறுக்கி விழுந்து விலா எலும்பு முறிந்தவள். 1433இல் இறக்கும்வரை படுத்த படுக்கைதான். தான் சாப்பிடாதவள், ஏழைகளுக்கு மட்டும் உணவு கொடுத்துக்கொண்டே இருந்தாள்.

இப்படிப்பட்ட பெண்கள் இடைக்கால ஐரோப்பாவில் ஏன் இத்தனை பேர் என்று கேட்டு, அந்தக் கேள்வியோடு பல ஆண்டுகள் வாழ்ந்தவர் அமெரிக்க வரலாற்றாசிரியர் கரோலின் வாக்கர் பைனம். 1941இல் அட்லாண்டாவில் பிறந்தவர். ஹார்வர்டில் முனைவர் பட்டம், பிறகு சியாட்டில், நியூயார்க், பிரின்ஸ்டன். 1996இல் அமெரிக்க வரலாற்றுச் சங்கத்தின் தலைவராக இருந்தார். பதவிகளை இத்தோடு விட்டுவிடுகிறேன். அவர் ஏடுகளைப் படித்த விதம்தான் நான் பேச வந்தது.

1987இல் வெளிவந்த அவருடைய நூல், இடைக்காலப் பெண்களின் பக்தியில் உணவுக்கு இருந்த இடத்தைப் பற்றியது. ஆண் புனிதர்களின் சரித்திரங்களையும் பெண் புனிதர்களின் சரித்திரங்களையும் அருகருகே வைத்துப் பார்க்கிறார். அசிசி பிரான்சிஸ் துணி வணிகரின் மகன். உடுத்திய துணியையே கழற்றித் தகப்பனிடம் கொடுத்துவிட்டு வெளியேறுகிறார். ஆண் துறப்பது பணத்தை, சொத்தை. சியன்னா நகரத்துக் கத்தரீனிடம் அப்படி என்ன இருந்தது? சாயத் தொழில் செய்தவரின் பெண். வீட்டுச் சோற்றையும் திராட்சை ரசத்தையும் அள்ளி ஏழைகளுக்குக் கொடுக்கிறாள். தன் வாயைக் கட்டிக்கொள்கிறாள். பெண்ணின் கைக்குள் இருந்தது அடுப்படி ஒன்றுதான். தன் கையில் இருப்பதைத்தானே ஒருவர் துறக்க முடியும்?

இதற்கு அனோரெக்சியா, அதாவது உணவை மறுக்கும் நோய், என்று பெயர் சூட்டிவிட்டால் வேலை முடிந்துவிடும். பைனம் அங்கே நிற்கவில்லை. அந்தப் பெண்கள் நற்கருணைக்கு ஏங்கியவர்கள். அவர்கள் வழிபட்ட கடவுளே அப்பமாகித் தன்னை உண்ணக் கொடுப்பவர். தாய் தன் உடலிலிருந்து பிள்ளைக்கு ஊட்டுவதும் அதே செயல்தான். ஆக, அவர்களுடைய நோன்பு உடலை வெறுத்ததால் வந்ததல்ல. உடலின் வழியாகவே கிறிஸ்துவை நெருங்கும் முயற்சி என்கிறார். நற்கருணைக்கென்று தனித் திருவிழா வேண்டும் என்று பாடுபட்டவரும் லீயேஜ் நகரத்து ஜூலியானா என்ற பெண்தான் என்பதை இங்கே நினைத்துப் பார்க்கலாம். 1264இல் திருத்தந்தை அதைத் திருச்சபை முழுமைக்கும் ஆக்கினார்.

எனக்கு இதைவிடவும் பிடித்தது அவருடைய 1982ஆம் ஆண்டு நூல். இயேசுவைத் தாயாக வர்ணிக்கும் பழக்கம் பற்றியது. பெண்கள் உண்டாக்கிய உருவகம் என்றுதான் எல்லோரும் நினைப்போம். 12ஆம் நூற்றாண்டில் அதை விரும்பிக் கையாண்டவர்களோ கிளேர்வோ பெர்னார்டு போன்ற ஆண் துறவிகள். மடத்தை ஆளும் பொறுப்பு அவர்கள் தலைமேல்; ஆணையிடுவது மட்டும் போதாது, அரவணைக்கவும் வேண்டும் என்ற கவலை அவர்களுக்கு. அதனால் தங்களையே பாலூட்டும் தாயாகப் பேசிக்கொண்டார்கள். தாய்மையை இவ்வளவு போற்றியவர்கள் நிஜப் பெண்களை உயர்வாக நடத்தினார்கள் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள் என்று பைனம் எச்சரிக்கிறார். தெய்வத்தைத் தாயே என்று அழைக்கும் எந்தச் சமூகத்தைப் பற்றி எழுதுபவரும் மனத்தில் வைக்க வேண்டிய எச்சரிக்கை அது.

ஒரு குறையும் எனக்குண்டு. கத்தரீன் 1380இல் இறந்தபோது வயது 33. கடைசி மாதங்களில் தண்ணீரைக்கூட விலக்கினாள். நோன்பின் அர்த்தத்தை இத்தனை அழகாக விளக்கும் பைனம், அந்த உடல் பட்ட பாட்டின் அருகில் இன்னும் சற்று நேரம் நின்றிருக்கலாம். வேறு வழி திறந்திருந்தால் அவள் அதைத் தேர்ந்திருப்பாளா என்ற கேள்வி, நூலை மூடிய பிறகும் என்னை விடவில்லை.

படிக்க விரும்புபவர்கள் 1987ஆம் ஆண்டு நூலில் தொடங்குங்கள். தடித்த புத்தகம், அடிக்குறிப்புகளைத் தாண்டிவிடாதீர்கள். அந்தப் பெண்களின் குரல் பல இடங்களில் அங்கேதான் கேட்கிறது.