வானத்துப் புகையும் கண்ணாடித் தகடும்



மார்கழியில் திருவாதிரை என்று களி கிண்டித் தின்கிறோமே, அந்தத் திருவாதிரை நட்சத்திரத்தை வானத்தில் காட்டச் சொன்னால் நம்மில் எத்தனை பேர் காட்டுவோம்? களியைத்தான் காட்டுவோம். அது கிடக்கட்டும். அந்தச் சிவந்த நட்சத்திரத்திற்குத் தெற்கே மூன்று நட்சத்திரங்கள் வரிசையாயிருக்கின்றன. அவற்றுக்கும் தெற்கே புகைபோல் மங்கலாக ஒன்று தெரியும். அதுதான் ஓரியன் நெபுலா. வாயுவும் தூசியும் சேர்ந்த மேகம். புது நட்சத்திரங்கள் இன்றும் அதற்குள் உண்டாகின்றன. அதன் வெளிச்சம் நம்மிடம் வந்து சேரச் சுமார் 1,300 வருஷமாகிறது.

1610 முதல் தூரதிருஷ்டிக் கண்ணாடியால் அதைப் பார்த்தவர்கள், பார்த்ததைக் கையால் வரைந்தார்கள். ஆளுக்கொரு படம்! மேகம் மாறிற்றா, வரைந்தவர் கை மாறிற்றா என்று எப்படித் தீர்ப்பது?

அமெரிக்காவில் ஹென்றி டிரேப்பர் என்றொரு வைத்தியர். வானசாஸ்திரம் அவருக்குப் பிழைப்பல்ல, ஆசை. 1880 செப்டம்பர் 30-ந் தேதி இரவு, நியூயார்க்குக்கு அருகில், 11 அங்குலத் தூரதிருஷ்டிக் கண்ணாடியில் மருந்து பூசிய தகட்டை வைத்து, ஏறக்குறைய 50 நிமிஷம் திறந்து வைத்தார். பூமி சுழலுகிறதல்லவா? அதற்கு ஈடாகக் கடிகார யந்திரம் குழாயை நகர்த்திக்கொண்டே வரவேண்டும். கொஞ்சம் பிசகினாலும் படம் கெட்டுவிடும். விழுந்த படமும் சுமாரானதுதான், நட்சத்திரங்கள் வீங்கியிருந்தன. ஆனாலும் ஒரு நெபுலாவைப் பிடித்த முதல் போட்டோ அதுவே. அவர் விடவில்லை. 1882 மார்ச்சில் 137 நிமிஷம் வைத்து நல்ல படம் எடுத்தார். அவ்வருஷம் நவம்பரில் 45-வது வயதில் இறந்தார்.

அவர் மனைவி மேரி அன்னா, உடனிருந்து உழைத்தவர், மோட்ச தீபம் ஏற்றிக்கொண்டிருக்கவில்லை. வேலை நடக்கட்டும் என்று ஹார்வர்டு வானாராய்ச்சிச் சாலைக்குப் பணம் கொடுத்தார். அங்கே தகடுகளைப் பரிசோதித்தவர் வில்லியமினா பிளெமிங். புருஷனால் கைவிடப்பட்டு, அச்சாலையின் தலைவர் பிக்கரிங் வீட்டில் வேலைக்காரியாயிருந்த ஸ்திரீ! முன்சொன்ன மூன்று நட்சத்திரங்களில் ஒன்றின் பக்கத்தில் குதிரைத்தலை போன்ற கருமேகம் இருப்பதை 1888-இல் ஒரு தகட்டில் கண்டுபிடித்தவர் அவரே. 1895-இல் வந்த பட்டியலிலோ அவர் பெயரில்லை. பிக்கரிங் பெயர் இருந்தது. உழைப்பவர் ஒருவர், பெயர் வாங்குபவர் வேறொருவர் என்பது நம் நாட்டுச் சொத்து மாத்திரமல்ல போலும்!

நீங்களும் பாருங்கள். திருவாதிரையன்று வேண்டாம், முழுநிலவு பக்கத்திலேயே நின்று மறைத்துவிடும். பத்து நாள் கழித்து, முன்னிரவில், விளக்கில்லாத வயல்வெளியில் நின்று கிழக்கே பாருங்கள்.