அரும்பொருளின் முழு விலை



அரும்பொருள் சேகரித்தல் என்பது தொன்றுதொட்டு மாணவர் உள்ளத்தைக் கவர்ந்துவரும் நற்பழக்கங்களுள் ஒன்று. அஞ்சல் தலை, அயல்நாட்டு நாணயம், பழைய நிலப்படம், சிறிய பொம்மை என்று ஒவ்வொருவர்க்கும் ஒவ்வொன்றில் விருப்பம் உண்டு. ஓர் அஞ்சல் தலை ஒரு நாட்டின் வரலாற்றைக் கூறும். ஒரு நாணயம் ஓர் ஆட்சியின் எழுச்சியையும் வீழ்ச்சியையும் எடுத்துரைக்கும். முன்னாளில், உறவினர் அனுப்பும் கடித உறைகளைக் கொண்டும், நண்பரோடு மாற்றிக்கொண்டும் மாணவர் தம் ஏடுகளை நிரப்பினர். இன்றோ, கைப்பேசியின் திரையைத் தொட்டு, இலண்டன் வணிகரிடமும் தோக்கியோ கடைக்காரரிடமும் நேரே பொருள் வாங்க இயலுகின்றது.

உலகம் உள்ளங்கையில் அடங்கிவிட்டது போன்ற தோற்றம் இதனால் உண்டாகின்றது. ஆயினும், கடலின் அகலம் குறையவில்லை. நாட்டின் எல்லைகளும் அழிந்துவிடவில்லை. திரையில் காணும் விலை ஒன்று. பொருள் நம் வாசலுக்கு வந்து சேரும்போது நாம் கொடுத்து முடித்திருக்கும் விலை மற்றொன்று. இவ்விரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாட்டை அறியாமையால் பொருள் இழப்போர் பலர். அவ்வேறுபாட்டைக் குறுக்கு வழியில் குறைக்க முயன்று நேர்மையையும் இழப்போர் சிலர். ஆதலின், அவ்வேறுபாடு எவ்வாறு உண்டாகின்றது என்பதை இன்று ஆராய்வோம்.

முதலாவது, வழிச்செலவு. 1874ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 9ஆம் நாள், சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் 22 நாடுகள் கூடி ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. அனைத்துலக அஞ்சல் ஒன்றியம் அதனால் பிறந்தது. 1876இல் இந்தியாவும் அதில் சேர்ந்தது. ஒரு நாட்டில் ஒட்டிய அஞ்சல் தலையை மறுநாடு மதித்து, கடிதத்தை உரியவரிடம் சேர்ப்பிப்பது அவ்வொன்றியத்தின் பயனே. இவ்வழியே வரும் பொருளுக்குச் செலவு பெரும்பாலும் எடையைப் பொறுத்தது. பதிவு, விரைவு, காப்புறுதி முதலியவற்றுக்குத் தனிக் கட்டணம் உண்டு.

தனியார் விரைவஞ்சல் நிறுவனங்களின் கணக்கோ வேறு. அவை எடையை மட்டும் நோக்குவதில்லை. பெட்டி அடைக்கும் இடத்தையும் நோக்குகின்றன. பெட்டியின் நீளம், அகலம், உயரம் ஆகியவற்றைச் சென்டிமீட்டரில் அளந்து, ஒன்றோடொன்று பெருக்கி, 5,000ஆல் வகுத்தால் வருவதைக் கிலோ எடையாகக் கொள்வது அவற்றின் பொதுவான வழக்கம். ஒரு பொம்மைப் பெட்டி 40 நீளமும் 30 அகலமும் 25 உயரமும் உடையது என்போம். பெருக்கினால் 30,000, வகுத்தால் 6. உள்ளே இருக்கும் பொம்மை ஒரு கிலோவே இருப்பினும், கூலி ஆறு கிலோவுக்கு ஆகும். பெட்டிக்குள் அடைபட்ட வெற்றிடத்திற்கும் விலை உண்டு என்பதை நினைவிற் கொள்க.

இரண்டாவது, சுங்கம். இது நமக்குப் புதியதன்று. காவிரிப்பூம்பட்டினத்தைப் பாடும் பட்டினப்பாலை, கடல்வழி வந்த பண்டங்களும் கடல்வழி செல்லும் பண்டங்களும் துறைமுகத்தில் குவிந்து கிடந்த காட்சியையும், அரசனின் ஆட்கள் அவற்றுக்கு உல்கு பெற்றுப் புலி முத்திரை பொறித்த முறையையும் காட்டுகின்றது. உல்கு என்பது சுங்கமே. பிற்காலத்தில், 11ஆம் நூற்றாண்டில் அரியணை ஏறிய முதலாம் குலோத்துங்க சோழன், சுங்கம் தவிர்த்த சோழன் என்று புகழப்பெற்றான். சுங்கத்தை நீக்கியமை ஒரு மன்னனுக்கு அழியாப் பெயர் தந்தது என்றால், அது மக்கள் வாழ்வை எவ்வளவு தொட்டு நின்றது என்பது புலனாகும்.

இன்று நம் நாட்டில் சுங்கம் விதிக்கப்படும் முறையை ஒரு கணக்கால் விளக்குவேன். கரும்பலகை இல்லாக் குறையை உங்கள் கவனம் தீர்க்கட்டும். ஒரு மாணவன் 2,000 ரூபாய் விலையுள்ள அரும்பொருள் ஒன்றை வெளிநாட்டிலிருந்து வருவிக்கின்றான். வழிச்செலவும் காப்புறுதியும் 1,000 ரூபாய். சுங்க வரி 2,000 ரூபாய்க்கே என்று அவன் எண்ணுவான். அவ்வாறன்று. இந்தியச் சட்டப்படி, பொருளின் விலை, காப்புறுதி, வழிச்செலவு மூன்றும் சேர்ந்ததே வரிக்குரிய மதிப்பு. ஆகவே அடிப்படை 3,000 ரூபாய் ஆகின்றது.

வரி விகிதம் பொருளுக்குப் பொருள் மாறும். அரசின் ஆணைப்படி காலத்துக்குக் காலமும் மாறும். கணக்கின் எளிமைக்காக, அடிப்படைச் சுங்க வரி நூற்றுக்குப் பத்து என்று கொள்வோம். அது 300 ரூபாய். அவ்வரியின் மேல் சமூக நலக் கூடுதல் வரி நூற்றுக்குப் பத்து. அது 30 ரூபாய். இப்போது தொகை 3,330. இம்மொத்தத்தின் மேல் ஒருங்கிணைந்த சரக்கு சேவை வரி விதிக்கப்படும். அதனையும் நூற்றுக்குப் பத்து என்றே கொண்டால் 333 ரூபாய். ஆக, வரி மட்டும் 663, மொத்தம் 3,663. வெளிநாட்டுப் பணமாக மாற்றுவதற்கு வங்கி பெறும் கட்டணமும், வரியை நமக்காக முன்கூட்டிச் செலுத்தும் விரைவஞ்சல் நிறுவனம் பெறும் கூலியும் இதன்மேல் சேரும். ஏலத்தில் எடுத்த பொருளாயின், ஏல நிலையம் பெறும் தரகும் உண்டு. 2,000 ரூபாய்ப் பொருள் ஏறத்தாழ இரு மடங்கு விலையாய் வந்து நிற்பது இவ்வாறே. வரியின் மேலும் வரி ஏறுகின்றது என்பதையும், வழிச்செலவு உயர்ந்தால் வரியும் உயர்கின்றது என்பதையும் இக்கணக்கு நமக்குக் கற்பிக்கின்றது.

மூன்றாவது, பொருளை எவ்வகையில் சேர்ப்பது என்னும் வினா. உலக நாடுகளுள் மிகப் பல ஒரே பொருள் அட்டவணையைப் பின்பற்றுகின்றன. 1988ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் அது நடைமுறைக்கு வந்தது. அதன் 97ஆம் அதிகாரம் கலைப்பொருளுக்கும் அரும்பொருளுக்கும் உரியது. அஞ்சல் தலைக்கு 9704. நாணயவியல் முதலிய துறைகளைச் சார்ந்த சேகரிப்புகளுக்கு 9705. நூறாண்டுக்கு மேற்பட்ட பழம்பொருளுக்கு 9706. பொம்மையோ 95ஆம் அதிகாரத்தைச் சார்ந்தது. எண் மாறினால் வரியும் மாறும். நம் நாட்டில் பொம்மைகளின் அடிப்படைச் சுங்க வரி 2020 பிப்ரவரியில் நூற்றுக்கு 20இலிருந்து 60ஆக உயர்ந்தது; 2023இல் 70ஆயிற்று. சேகரிப்பவன் தன் பேழையில் அஞ்சல் தலையையும் பொம்மையையும் அருகருகே வைத்து மகிழலாம். சுங்கத் துறை அவற்றை ஒரே தட்டில் வைத்து நிறுப்பதில்லை.

இவ்வகைப்பாடு எவ்வளவு சிக்கலானது என்பதற்குப் புகழ்பெற்ற வழக்கு ஒன்று சான்று. 1926இல், பிரான்குசி என்னும் சிற்பியின் வெண்கலச் சிற்பம் ஒன்று கப்பலில் நியூயார்க்கு வந்து இறங்கியது. பறவை பறக்கும் விரைவையே உருவாக்கிக் காட்டிய படைப்பு அது. அலகும் இல்லை, சிறகும் இல்லை. கலைப்பொருளுக்கு அந்நாட்டில் அப்போது வரி கிடையாது. ஆனால் அதனைச் சிற்பம் என்று ஒப்பாத சுங்க அலுவலர், சமையற் கருவிகளும் மருத்துவமனைக் கருவிகளும் அடங்கிய வகையில் சேர்த்து, நூற்றுக்கு 40 வரி விதித்தனர். வழக்கு நீதிமன்றம் சென்றது. 1928இல், அது கலைப்படைப்பே என்று தீர்ப்பாயிற்று. கலை என்றால் யாது என்னும் வினாவுக்குச் சுங்கச் சாவடியில் விடை காண நேர்ந்த விந்தை இது. எனவே, வருவிக்கும் பொருள் இன்னது என்பதை ஐயமின்றி எழுதுமாறு விற்பவரைக் கேட்டுக்கொள்ளுதல் நலம். 'பரிசுப்பொருள்', 'பல்வகைப் பொருள்' என்னும் தெளிவற்ற சொற்கள் தாமதத்தையே தரும்.

நான்காவதாக, சிறு பொருளுக்கு வரி இல்லை என்னும் நம்பிக்கையைப் பற்றிச் சில சொற்கள். ஒரு காலத்தில் பல நாடுகள் குறைந்த மதிப்புள்ள பொதிகளுக்கு விலக்கு அளித்தன. சிறிய தொகையை வசூலிக்க ஆகும் செலவு அத்தொகையினும் மிகுதி என்பதே காரணம். இணைய வாணிகம் பெருகிச் சிறு பொதிகள் மலையெனக் குவியவே, அந்நிலை மாறியது. ஐரோப்பிய ஒன்றியம், 22 யூரோவுக்கு உட்பட்ட பொருள்களுக்கு அளித்திருந்த மதிப்புக் கூட்டு வரி விலக்கை 2021 சூலை முதல் நாள் நீக்கியது. அமெரிக்க ஐக்கிய நாடு 2016இல் தன் வரம்பை 200 டாலரிலிருந்து 800 டாலராக உயர்த்தியது. 2025 ஆகஸ்டு 29 முதல் அவ்விலக்கை எல்லா நாட்டுப் பொருள்களுக்கும் நிறுத்தியது. அம்மாற்றத்தை ஒட்டி, இந்திய அஞ்சல் துறை அந்நாட்டிற்குச் செல்லும் பொதிகளைச் சில வாரங்கள் ஏற்காமல் நிறுத்திவைத்து, அக்டோபர்த் திங்களில் மீண்டும் தொடங்கியது. நம் நாட்டிலும், அன்பளிப்பு என்ற பெயரால் அஞ்சல்வழி வரியின்றிப் பொருள் பெறும் வாயில் 2019 டிசம்பரில் அடைக்கப்பட்டது. உயிர் காக்கும் மருந்துக்கும் இராக்கிக் கயிற்றுக்கும் மட்டும் அவ்வாணை விலக்கு அளித்தது. ஆகவே, பழைய நூலில் படித்ததையும் நண்பர் சொன்னதையும் நம்பாது, வாங்கும் நாளில் உள்ள விதியையே நோக்குதல் வேண்டும்.

இனி, இப்பேச்சின் உயிரான பகுதிக்கு வருகின்றேன். வெளிநாட்டுப் பொதி ஒவ்வொன்றிலும் சுங்க அறிவிப்புச் சீட்டு ஒன்று ஒட்டப்படும். உள்ளே இருப்பது யாது, அதன் மதிப்பு என்ன, விற்பனையா அன்பளிப்பா என்பன அதில் எழுதப்பட வேண்டும். விற்பவருள் சிலர், "மதிப்பைக் குறைத்து எழுதட்டுமா? அன்பளிப்பு என்று குறிக்கட்டுமா?" என்று பரிவோடு கேட்பதுண்டு. சில நூறு ரூபாய் மிச்சமாகும் என்று மனமும் தடுமாறும். அவ்வேளையில் மூன்று உண்மைகளை எண்ணிப் பாருங்கள்.

விற்பவர் வேறு நாட்டில் இருக்கின்றார். பொதியின்மேல் உள்ள பெயரோ உங்களுடையது. பொய் அறிவிப்பு வெளிப்பட்டால், பொருளைப் பறிமுதல் செய்யவும் தண்டம் விதிக்கவும் 1962ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டம் இடந்தருகின்றது. இது முதல் உண்மை. 5,000 ரூபாய்ப் பொருளை 500 ரூபாய் என்று எழுதிய பிறகு, அது வழியில் தொலைந்தால், சீட்டில் உள்ள 500க்கு மேல் இழப்பீடு கேட்க உங்களுக்கு வாய் ஏது? இது இரண்டாவது. மூன்றாவதே தலையாயது. அரும்பொருளின் மதிப்பு அதன் மெய்ம்மையில் உள்ளது. எங்கே பிறந்தது, யாரிடமிருந்து யாரிடம் வந்தது என்னும் வரலாறும் அம்மெய்ம்மையின் பகுதி. வாங்கிய சீட்டும் சுங்கம் செலுத்திய சீட்டும் அவ்வரலாற்றின் ஏடுகள். போலி அஞ்சல் தலையைக் கண்டால் முகம் சுளிக்கும் ஒருவன், போலி அறிவிப்புச் சீட்டைக் கண்டு மகிழலாமோ? பொய்யின்மேல் ஏறி வந்த மெய்ப்பொருள் அவன் பேழையில் தலைநிமிர்ந்து இருக்குமோ?

முறையாகச் செலுத்தும் வரியைக் குறைக்க நேரிய வழிகளும் உண்டு. தனித்தனியே வாங்காது, ஒரே வணிகரிடம் பலவற்றைச் சேர்த்து வாங்கினால் வழிச்செலவு குறையும். அதனோடு வரியும் குறையும். பெரிய பெட்டியைத் தவிர்த்துச் சிறிய உறையில் அனுப்பச் சொல்லலாம். அனைத்துக்கும் மேலாக, பணம் செலுத்துமுன் விற்பவரிடம் கேட்க வேண்டியவை சில: வழிச்செலவு எவ்வளவு? வரி முன்கூட்டியே செலுத்தப்படுகின்றதா, வாசலில் நாம் செலுத்த வேண்டுமா? பொருள் பழுதுபட்டால் திருப்பி அனுப்பும் செலவு யாருடையது? இவற்றின் விடைகளைத் தாளில் எழுதிக் கூட்டிப் பார்த்து, அம்முழு விலைக்கும் அப்பொருள் தகும் என்று தோன்றினால் வாங்குக, இல்லையேல் விடுக. வரியைக் கண்டு திகைத்துப் பொதியை மறுத்துவிட்டால், பொருள் வந்த வழியே திரும்பும். சென்ற வழிச்செலவு திரும்பாது.

அயல்நாட்டு நண்பரோடு பொருள் மாற்றிக்கொள்ள விரும்புவோர்க்கு ஓர் எச்சரிக்கை. நூறாண்டுக்குக் குறையாத பழமையுடைய நாணயம் முதலிய தொல்பொருள்களைத் தனியார் நாட்டை விட்டு அனுப்புதல் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி கூடாது. பாட்டனார் பெட்டியில் கிடைத்த பழங்காசு உங்கள் உடைமையாக இருக்கலாம். அதன் வரலாறு இந்நாட்டின் உடைமை.

முன்னர்க் கூறிய பட்டினப்பாலை, சுங்கம் கொண்ட அரசனின் ஆட்களை மட்டும் பாடவில்லை. பழிக்கு அஞ்சி உண்மை பேசி, மிகையாகப் பெறாமலும் குறைவாகத் தராமலும் வாணிகம் நடத்திய அந்நகரத்து வணிகரையும் பாடுகின்றது. வாங்குவோர்க்கும் அவ்வறம் பொருந்தும். உங்கள் பேழையில் உள்ள பொருள்கள் சிலவாயினும் ஆகுக. அவை ஒவ்வொன்றின் முழு விலையையும் அறிந்து, முறையாகச் செலுத்திப் பெற்றவையாக இருக்கட்டும்.