டிரங்குப் பெட்டியில் கிடக்கும் நம் சரித்திரம்



ஆலை வாசலில் ஒரு நோட்டீஸ் கொடுக்கிறார்கள். படிக்கிறோம், மடித்துச் சட்டைப் பையில் வைக்கிறோம். மறுநாள் அதே தாளில் வடை மடித்து வருகிறது. ஒரு கூலிப் போராட்டத்தின் அத்தாட்சி எண்ணெயில் ஊறிப் போகிறது!

நம்முடைய பழைய துண்டுப் பிரசுரங்களைப் பத்திரமாகக் காப்பாற்றியவர்களில் முக்கியமானவர் யார் தெரியுமா? போலீஸார்தான். பிரிட்டிஷ் சர்க்கார் தடை செய்த தமிழ்ப் பிரசுரங்கள் எழும்பூர் ஆவணக் காப்பகத்திலும் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்திலும் இன்றும் இருக்கின்றன. நம் வீடுகளிலோ, சோதனைக்கு வருகிறவன் கையில் சிக்கக் கூடாதென்று அடுப்பில் போட்டவை எத்தனையோ. ஆகவே ஆராய்ச்சி செய்ய வரும் மாணவனுக்கு முதலில் கிடைப்பது அதிகாரியின் குறிப்பு. 1946 ஜனவரி 8ஆம் தேதி கோவைச் சிறையில் தூக்கிலிடப்பட்ட சின்னியம்பாளையம் தோழர்கள் நால்வரையும் கோர்ட்டுத் தீர்ப்பு கொலைகாரர்கள் என்கிறது. அவர்களைத் தியாகிகள் என்று சொல்லும் தாள் நம்மிடம்தான் இருக்க வேண்டும்.

வருஷம் போடாத நோட்டீஸால் என்ன பயன் என்று கேட்பார்கள். "வருகிற ஞாயிறு மாலை 6 மணிக்கு" என்று மட்டுமே இருக்கும், உண்மைதான். ஆனால் கூலியை அணாக் கணக்கில் கேட்டிருந்தால், 1957இல் நயா பைசா வருவதற்கு முந்தியது என்று ஊகிக்கலாம். 'லை', 'னை' எழுத்துக்கள் தும்பிக்கை வைத்திருந்தால், அநேகமாக 1978ஆம் வருஷ எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தியது. தேதியும் கிழமையும் இருந்தால் பஞ்சாங்கத்தைப் புரட்டி வருஷத்தை நெருங்கிவிடலாம். அடியில் அச்சகத்தின் பெயரும் ஊரும் போடவேண்டுமென்று 1867ஆம் வருஷச் சட்டம் விதித்திருந்தது. அது இல்லையென்றால், மறைவாக அச்சான தாளோ என்று பார்க்க வேண்டும். பெயர் இல்லாததும் ஒரு சாட்சியம்தான்!

தனி மனிதர் சேர்த்தது பொதுச் சொத்தானதற்கு நம் நாட்டிலேயே உதாரணம் உண்டு. கோட்டையூர் ரோஜா முத்தையா விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்தவர். புத்தகங்களோடு நாடக நோட்டீஸையும் கல்யாணப் பத்திரிகையையும்கூட அவர் விடவில்லை. 1992இல் அவர் காலமானார். பிறகு சிகாகோ பல்கலைக் கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. கப்பலேறிப் போகாமல் அது சென்னையிலேயே ஆராய்ச்சி நூலகமாக நிற்கிறது. அமெரிக்கப் பல்கலைக் கழகம் வந்துதான் வாங்க வேண்டியிருந்தது என்பதை நம் சர்க்கார்கள் யோசிக்கட்டும்.

இன்று தாளைக் கொடுக்காமலே அதன் படத்தை இணையத்தில் ஏற்றலாம். தாள் பெட்டியில் இருக்கும். படத்தை டோக்கியோவிலும் பார்ப்பார்கள், திருவாரூரிலும் பார்ப்பார்கள். 1981இல் யாழ்ப்பாண நூலகத்தை எரித்தார்கள். சுமார் 97,000 நூல்கள் சாம்பலாயின. 2005இல் ஈழத்துத் தமிழர்கள் தொடங்கிய 'நூலகம்' இணையத்தளத்தில் பழைய நூல்களும் பத்திரிகைகளும் பிரசுரங்களும் காசில்லாமல் படிக்கக் கிடைக்கின்றன. ஒரே இடத்தில் ஒரே பிரதி என்று இருந்தால்தானே ஒரு தீக்குச்சி போதும்.

சில சேகரிப்பாளர்கள் பெட்டியைத் திறக்க மறுக்கிறார்கள். அவர்களைத் திட்டுவதற்கில்லை. வாங்கிப் போன ஆராய்ச்சியாளர் திருப்பித் தராத அனுபவம் பலருக்கு உண்டு. படம் எடுப்பவர் அவர் வீட்டுக்கே போகட்டும். சேர்த்தவர் பெயரைப் படத்தோடு போடட்டும். ஆனால் கட்டணம் கட்டினால்தான் பார்க்கலாம் என்று கதவு போடுகிற கம்பெனிக்கு மட்டும் கொடுக்கக் கூடாது. சந்தா ரசீதில் இன்று உயிரோடிருப்பவர் பெயர் இருந்தால், அவரைக் கேட்காமல் ஏற்றவும் கூடாது.

இந்த வாரமே ஆரம்பிக்கலாம். துருப்பிடித்த குண்டூசியை மெதுவாகக் கழற்றுங்கள். கிழிந்த இடத்தில் செல்லோ டேப் ஒட்டாதீர்கள். அதன் பசை தாளையே தின்றுவிடும். நிழல் விழாத வெளிச்சத்தில், நாலு ஓரமும் தெரிய, முன்பக்கம் பின்பக்கம் இரண்டையும் கைப்பேசியில் எடுங்கள். பின்பக்கத்தில் யாரோ பென்சிலால் கூலிக் கணக்குப் போட்டிருப்பார்கள். அதை அழித்துவிடாதீர்கள்.