சுபாவமும் மரபணுவும்



சிறு இடுக்கணிலேயே ஒருவன் மனம் ஒடிந்துபோவதற்கும், பெருந்துயரையும் மற்றொருவன் தாங்கி நிற்பதற்கும் காரணம் கேட்டால், நம் முன்னோர் விதியென்றும் பூர்வவாசனை என்றும் சொல்லி அமைவர். விஞ்ஞானிகளோ அதனை மூளையின் ரசாயனத்திலே தேடப் புகுந்தனர். இரத்தக் குழாய்களைச் சுருங்கச் செய்யும் பொருளாக 1948இல் அமெரிக்காவின் கிளீவ்லண்ட் நகரில் பிரித்தெடுக்கப்பட்ட செரோட்டோனின், மூளையிலும் உண்டென்பதை 1953இல் பெட்டி ட்வாராக் என்ற பெண்மணி நிறுவினார். மூளைத்தண்டிலுள்ள சொற்பமான நரம்பணுக்களே அதைச் சுரந்தாலும், அவற்றின் கிளைகள் மூளை முழுவதும் வியாபித்திருக்கின்றன.

நரம்பணுக்களிடையே சேதியை உணர்த்தி முடித்த செரோட்டோனினை நரம்பணுவுக்குள் திரும்ப எடுத்துக்கொள்ளும் புரதத்தின் மரபணு, 17ஆம் குரோமோசோமில் இருக்கிறது. அதன் முகப்பிலுள்ள ஒரு பகுதி சிலருக்கு நெடிதாகவும் சிலருக்குக் குறுகியும் அமைந்திருக்கிறது. இனி, 1982இல் பார்ட், தோனன் முதலானோர் பன்றியின் மூளையிலிருந்து பிரித்தெடுத்த வளர்ச்சிக் காரணியாகிய புரதம், செரோட்டோனின் நரம்புகள் உள்ளிட்ட பலவற்றைப் போஷித்துக் கிளைவிடச் செய்வது. அப்புரதத்தின் மூலவடிவில் 66ஆம் இடத்தில் வாலின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதிலாக மெத்தியோனின் வருமாயின், நரம்பு தூண்டப்படும்போது அது சுரக்கும் அளவு குறைகிறது.

இவ்வளவும் தெரிந்தபின், சுபாவத்தின் ரகசியமே கைக்கு எட்டிவிட்டதென்று பலர் நம்பியதில் வியப்பில்லை. நியூசிலாந்தின் டனீடின் நகரில் 1972, 1973 ஆண்டுகளில் பிறந்து, இளமை முதல் தொடர்ந்து கவனிக்கப்பட்டு வந்தவர்களுள் 847 பேரை ஆராய்ந்து, முன்னே சொன்ன செரோட்டோனின் மரபணுவின் குறுகிய வடிவம் உடையோர் துன்பங்கள் அடுத்தடுத்து நேர்ந்தபோது மற்றவரைவிட எளிதில் மனச்சோர்வுக்கு ஆளாயினர் என்று 2003இல் வெளியான கட்டுரை, உலகெங்கும் பிரசித்தி பெற்றது. ஆனால் 2009இல், 14 ஆய்வுகளை ஒருங்கே வைத்துக் கணக்கிட்டவர்கள், துன்பம் மனச்சோர்வை வளர்க்கிறது என்பது உறுதியாயினும், அதில் அம்மரபணு வடிவத்துக்குப் பங்கிருப்பதாகத் தெரியவில்லை என்றனர். லட்சக்கணக்கானோரின் விவரங்களைக் கொண்டு 2019இல் நடந்த ஆராய்ச்சியோ, மேற்சொன்ன இரு புரதங்களின் மரபணுக்களும் உட்பட, புகழ்பெற்ற 18 மரபணுக்கள் மனச்சோர்வைப் பொறுத்தவரை, குருட்டாம்போக்கில் எடுத்த வேறெந்த மரபணுக்களையும்விடச் சிறப்புடையன அல்ல என்று காட்டிற்று.

பரம்பரைக்கு இதில் பங்கே இல்லை என்பது இதன் பொருளன்று. அப்பங்கு மிக அற்பமான பலம் கொண்ட எண்ணற்ற மாறுபாடுகளிடையே சிதறிக் கிடக்கிறது. ஆதலால், ஒரு மரபணுவைப் பார்த்து ஒருவர் மனத்தின் எதிர்காலத்தைக் கூறப் புகுவது ஜோசியத்தின்பாற்படும். ஆராய்ச்சிகள் மாறிமாறி முரண்பட்டபோதும் மாறாது நின்றது துன்பத்தின் வலிமையே. வறுமையும் வன்முறையும் பிரிவும் மனத்தை நலிவிக்கின்றன என்பதற்கு இரத்தப் பரிசோதனை வேண்டியதில்லை, அவற்றைக் குறைப்பதற்கு மரபணுவின் அனுமதியும் வேண்டியதில்லை.